கோர்ட்டே அனுப்பும் சமரசம்: உள்ளே தப்பு நடந்தால் யாரிடம் சொல்வது?

குடமுருட்டிக்கரை

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அக்காவுக்காகக் கேட்கிறேன்.

தாத்தா காலத்து நஞ்சை நிலம். அப்பா போன பிறகு பெரியண்ணன் அனுபவத்தில் இருக்கிறது. அக்கா பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டாள். அண்ணன் எதிருரை தாக்கல் செய்த கையோடு ஜட்ஜ், "குடும்ப விஷயம், சமரச மையத்துக்குப் போய்ப் பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

மையத்தில் முதலில் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார் மீடியேட்டர். எங்கள் வக்கீல் அன்றைக்கு வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். வெளியே வந்தபோது அக்காவின் முகமே சரியில்லை. "கல்யாணம் எப்ப ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். 1986 என்று சொன்னதும், "89-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பூர்வீகத்துல பங்கே கிடையாதும்மா. கேஸ் நிக்காது. அண்ணன் மனசு வச்சுக் குடுக்கறத வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றாராம். இங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது, ரகசியம் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த வாய்தாவில் உடன்படிக்கை தயாராக இருக்குமாம், இங்கிலீஷில்.

அந்த மீடியேட்டரும் அண்ணனின் வக்கீலும் ஒரே சீனியரிடம் ஜூனியராக இருந்தவர்கள் என்பது ஒரு குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. அவராக வாயே திறக்கவில்லை.

அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் ஜட்ஜ் கோபித்துக்கொள்வாரா? உள்ளே நடந்ததை ஜட்ஜிடம் சொல்லலாமா, சொன்னால் அது குற்றமா?

வாய்தா வள்ளல்

முதலில் அந்த 89 கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. தமிழ்நாடு 1989-இல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. 25.3.1989-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று அதில் ஒரு வெட்டு இருந்தது உண்மை. ஆனால் 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அதில் கல்யாணத் தேதி பற்றிய பேச்சே இல்லை. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில், 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று மூன்று நீதிபதிகள் அமர்வில் சொல்லியாகிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்தோ விற்றோ இருந்தால் மட்டும்தான் சிக்கல். "வாய்ப்பேச்சில் அப்பவே பிரிச்சாச்சு" என்று அண்ணன் சொன்னால் அதை லேசில் ஏற்கமாட்டார்கள்.

ஆக, மீடியேட்டர் உங்கள் அக்காவுக்குச் சொன்னது சட்டமே இல்லை, காலாவதியான சரக்கு. தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பதற்குள் நான் போகவில்லை.

இனி உங்கள் கேள்வி. சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 89 சமரசத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை ஜட்ஜுக்குக் கொடுக்கிறது. 2002 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனதே நம்ம சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். 2010-இல் ஆப்கான்ஸ் வழக்கில், மீடியேஷனுக்கு அனுப்ப இரு தரப்புச் சம்மதம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். போய் உட்காருவது கட்டாயம், ஒத்துக்கொள்வது கட்டாயமே இல்லை. கையெழுத்துப் போடாததற்காக எந்த ஜட்ஜும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏன் போடவில்லை என்று கேட்கவும் கூடாது. மோதிராம் எதிர் அசோக்குமார் என்று ஒரு தீர்ப்பு. அதன்படி மீடியேட்டர் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியது ஒன்று கையெழுத்தான உடன்படிக்கை, இல்லாவிட்டால் 'சமரசம் ஏற்படவில்லை' என்று ஒரு வரி. யார் பிடிவாதம் பிடித்தார், யார் எவ்வளவு கேட்டார் என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாது.

தராசுமுள்

எல்லாம் சரி சார், ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் வரலையே. உள்ளே ஒருத்தர் தப்பான சட்டத்தைச் சொல்லி ஒரு அம்மாவைப் பயமுறுத்துறார். சாட்சி கிடையாது, ரெக்கார்டிங் கிடையாது, பேசினது எதுவும் எழுத்தில் கிடையாது. வெளியே வந்து சொன்னா "ரகசியத்தை மீறிட்டீங்க". திறந்த கோர்ட்டில் ஜட்ஜ் ஒரு தவறான வார்த்தை சொன்னா நாலு வக்கீல் எழுந்து நிப்பாங்க, மேல்முறையீடு இருக்கு. இங்க என்ன இருக்கு? ரகசியம் யாருக்குப் பாதுகாப்பு, அக்காவுக்கா, அவருக்கா?

என்னைக் கேட்டா ஒவ்வொரு அறையிலும் கேமரா வைக்கணும்.

ஏழாம் நம்பர் அறை

நான் பயிற்சி பெற்ற மீடியேட்டர். 40 மணி நேரப் பயிற்சி முடித்து, மாவட்ட மையம் ஒன்றில் பட்டியலில் இருக்கிறேன். இழையைப் படித்து வருத்தமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கேமரா வைத்தால் அன்றோடு சமரசம் செத்தது. காரணம் இதுதான். ஒரு அண்ணன் தனி அறையில் என்னிடம் சொல்வார்: "சார், தங்கச்சிக்குக் குடுக்கக் கூடாதுன்னு இல்ல. மாப்பிள்ளை கல்யாணத்துல பேசுன பேச்சுதான்." கோர்ட் கட்டில், அதாவது வழக்கு ஆவணங்களில், இது எங்கும் இராது. எதிருரையில் 'வாதிக்கு யாதொரு பாத்தியமும் இல்லை' என்றுதான் இருக்கும். நான் கேட்டதை அவர் அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் சொல்லமாட்டேன், ஜட்ஜிடமும் சொல்லமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் அவர் வாயைத் திறக்கிறார். நாளைக்கு இது ஒப்புதல் வாக்குமூலமாகத் திரும்பி வரும் என்று தெரிந்தால், வக்கீல் எழுதிக் கொடுத்ததையே இங்கும் ஒப்பிப்பார்.

ஆனால் ரகசியம் என்பது கட்சிக்காரர்கள் பேச்சுக்கு. மீடியேட்டரின் நடத்தைக்கு இல்லை. இதை எங்களில் சிலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சேலம் வழக்கைத் தொடர்ந்து நீதிபதி ஜெகந்நாத ராவ் குழு வகுத்த மாதிரி விதிகளிலேயே தெளிவாக இருக்கிறது: என் நடுநிலையைப் பற்றி நியாயமான சந்தேகம் வரக்கூடிய எதையும் நானாகவே முதலில் சொல்லிவிட வேண்டும், முடிவைத் திணிக்கக் கூடாது, இப்படித்தான் முடியும் என்று உறுதி கொடுக்கக் கூடாது. ஒரே சீனியரிடம் இருந்தோம் என்பது தன்னளவில் குற்றமில்லை. சின்ன ஊரில் எல்லாரும் யாரோ ஒருவரின் ஜூனியர்தான். சொல்லாமல் மறைத்ததுதான் தவறு. முதல் அமர்விலேயே "நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்தவர்கள், உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் வேறு ஆளை மாற்றிக்கொள்ளலாம்" என்று இரண்டு வரி போதும். பெரும்பாலும் யாரும் ஆட்சேபிப்பதே இல்லை.

அடுத்தது, 'கேஸ் நிக்காது'. தனி அமர்வில் நாங்கள் கடினமான கேள்விகள் கேட்போம், அது வேலை. "இந்த வழக்கு இன்னும் எத்தனை வருஷம் போகும்னு நினைக்கிறீங்க? ஒருவேளை தோத்துட்டா அடுத்து என்ன பண்ணுவீங்க? உங்க வக்கீல் இதைப் பத்தி என்ன சொல்றார்?" இதுவரைக்கும் சரி. "நிக்காது" என்று சொல்லும் இடத்தில் நான் மீடியேட்டர் இல்லை, தீர்ப்பு சொல்லும் ஜட்ஜ் ஆகிவிடுகிறேன், அதுவும் வழக்குக் கட்டைப் படிக்காத ஜட்ஜ். பெண்ணின் வக்கீல் இல்லாத நேரத்தில் அப்படிப் பேசியிருந்தால் இன்னும் மோசம். வக்கீல் வரட்டும் என்று தள்ளி வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மாதம் முடிந்தால் எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது என்று கணக்குக் கேட்பார்கள். முடிந்த எண்ணிக்கைதான் மரியாதை. எப்படி முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. அவசரம் அங்கிருந்து வருகிறது.

மல்லிகா அக்கா

நான் வக்கீல் இல்லை, குடும்ப நீதிமன்றத்தில் அலைந்தவள். தராசுமுள் தம்பிக்கு ஒன்று சொல்லணும். உங்களுக்குக் கேமரா வேணும், எனக்கு அது வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

என் உடம்புக்கு என்ன, நான் என்ன மாத்திரை சாப்பிடறேன், அவர் எங்கெங்கே கடன் வாங்கினார், மாமியார் வீட்டில் என்ன நடந்தது எல்லாம் அந்த அறையோடு போச்சு. கோர்ட் ஆவணம் எதிலும் ஏறவில்லை. ஜீவனாம்சத்துக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகை, நகை திரும்ப, பையன் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு. முடிஞ்சுது. எங்களுக்கு வந்த அம்மா அருமையான மனுஷி. பேச விட்டாங்க, குறுக்கே வரவில்லை. ஒருதடவைகூட "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொல்லவில்லை.

அந்த வார்த்தையைக் கவுன்சிலிங்கில் நிறையக் கேட்டேன், அது வேற கதை.

வாய்தா வள்ளல்

மல்லிகா மேடம் சொன்னதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்குகளில் ரகசியம் முழுசாகப் பூட்டப்படுவதில்லை. 2019-இல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில், குழந்தையோடு பேசிய கவுன்சிலரின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம், அங்கே குழந்தையின் நலன்தான் பெரிது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பா அம்மா பேரம் பேசியதை யாரும் கேட்க வேண்டாம், ஆனால் குழந்தை என்ன சொன்னது என்பது ஜட்ஜுக்குத் தெரிய வேண்டும். எனக்கு இது சரியாகவே படுகிறது.

நூல்மில் நாச்சிமுத்து

ஏனுங்க, நீங்க எல்லாம் உள்ளே போனவங்க கதை சொல்றீங்க. எங்களுக்கு உள்ளே போறதே இல்லீங்க. வியாபாரப் பாக்கி 3 லட்சத்துக்கு மேலன்னா கமர்ஷியல் கோர்ட். அந்தக் கோர்ட்டுச் சட்டத்தோட பிரிவு 12-ஏ படி வழக்குப் போடறதுக்கு முன்னாடியே சமரசத்துக்கு மனுப் போட்டாகணும். 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன்னு ஒரு தீர்ப்பு வந்ததிலிருந்து, அது இல்லாம பிளைன்ட் (வழக்கு மனு) போட்டா தூக்கி எறிஞ்சுடறாங்க. அவசரத் தடை கேட்டாத்தான் விலக்கு.

நூல் வாங்கினவரு நோட்டீசைப் பார்த்துட்டுச் சும்மா இருந்துக்குவாரு. திரும்ப ஒரு நோட்டீசு. அதுக்கும் வரமாட்டாரு. அப்புறம் 'தொடங்கவே இல்லை'ன்னு ஒரு அறிக்கை குடுப்பாங்க, அதை வாங்கிட்டு வந்து வழக்குப் போடோணும். வராதவருக்கு ஒரு தண்டனையும் இல்லீங்க. எங்களுக்கு வட்டி ஓடிட்டு இருக்குது. கட்டாயம்னா ரெண்டு பக்கமும் கட்டாயமா இருக்கோணுமா இல்லீங்களா?

தராசுமுள்

நாச்சிமுத்து அண்ணே, சரியான கேள்வி.

ஏழாம் நம்பர் சார் எழுதினது நியாயமாத்தான் இருக்கு. ஆனா 'நடத்தைக்கு ரகசியம் இல்லை'ன்னு நீங்க சொல்றது அனுப்புற ஜட்ஜுக்கும் பொருந்தணும். 2015 ஜூன் ஞாபகம் இருக்கா? கடலூர் வழக்கு. சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்ததுக்காகத் தண்டனை பெற்றவனுக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோட சமரசம் பேசட்டும்னு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன். அந்தப் பெண் நான் எதுக்கு அவனோட பேசணும்னு கேட்டாங்க. ஜூலை 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இந்தக் குற்றத்தில் சமரசம்ங்கிற பேச்சுக்கே இடமில்லைன்னு அடிச்சுச் சொன்ன பிறகுதான் இங்கே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த உத்தரவு திறந்த கோர்ட்டில் வந்ததால ஊரே பார்த்துச்சு, சத்தம் போட்டுச்சு. ஒரு மூடிய அறையில் இதே யோசனையை யாராவது சொல்லியிருந்தா?

அயோத்தி நில வழக்கையும் சேர்த்துக்குங்க. 2019 மார்ச் 8, உச்ச நீதிமன்றமே சமரசம் பேச, ஓய்வு பெற்ற நீதிபதி கலிஃபுல்லா, ஆன்மிக குரு ஸ்ரீஸ்ரீ ரவிசங்கர், மூத்த வக்கீல் ஸ்ரீராம் பஞ்சுன்னு மூணு பேர் குழு போட்டுச்சு. மூணு பேருமே நம்ம பக்கம் பிறந்தவங்க அல்லது தொழில் பண்றவங்கங்கிறது தனி. அதில் ரவிசங்கர் அந்த வழக்கைப் பற்றி முன்னாடியே வெளிப்படையாப் பேசினவர். எதிர்ப்பு வந்தும் அவரை மாத்தலை. பேச்சுவார்த்தையைப் பத்திரிகைகள் எழுதக்கூடாதுன்னும் சொன்னாங்க. கடைசியில் சமரசமும் இல்லை, அக்டோபரில் ஏதோ உடன்பாடுன்னு செய்தி மட்டும் கசிஞ்சுது. பூட்டு எதுக்கு, சாவி யார் கையில்?

ஏழாம் நம்பர் அறை

2015 உத்தரவு தவறு, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. பெரிய குற்ற வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பக்கூடாது என்று ஆப்கான்ஸ் தீர்ப்பிலேயே பட்டியல் இருக்கிறது. மோசடி, போலி ஆவணம், மிரட்டல் என்று குறிப்பான குற்றச்சாட்டு உள்ள சிவில் வழக்குகளைக்கூட அனுப்ப வேண்டாம் என்றார்கள்.

அயோத்தியில் நீங்கள் சொல்வது பாதி சரி. இதே நாட்டில் 2005-இலேயே சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மையம் திறந்து, இந்தத் துறைக்கு ஒரு முகம் கொடுத்தவர் பஞ்சு. அவர் இருந்த குழுவிலேயே நடுநிலை பற்றிய கேள்வி எழுந்தது என்றால், ஆள் தேர்வில் வெளிப்படைத்தன்மை எவ்வளவு அவசியம் என்பதற்கு அதுவே போதும். உள்ளே பேசியதை வெளியிட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கோண்டாவில் பெடியன்

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். எங்கட பக்கம், இலங்கையில, மத்தியஸ்த சபை எண்டு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்தது. சின்னத் தொகை வழக்கெண்டால் அங்க போய், இணக்கம் இல்லை எண்ட சான்றிதழ் எடுத்தால்தான் நீதிமன்றம் போகலாம். சட்டத்தரணி ஒருத்தரும் வர ஏலாது. மூண்டு பேர் இருந்து கதைப்பினம். ஒருத்தர் பக்கம் சாய்ஞ்சாலும் மற்ற ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு இருப்பினம்தானே. உங்கட முறையில ஒரே ஒரு ஆள், அதுவும் தனி அறை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. ஆனால் எங்கட சபையில இருக்கிறதும் ஊர்ப் பெரிய மனுசர்தான், பொம்பிளையள் வாய் திறக்க யோசிப்பினம், அதையும் சொல்லவேணும்.

குடமுருட்டிக்கரை

எல்லாருக்கும் நன்றி. அக்காவுக்கு 2020 தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் பிச்சை கேக்கலையே" என்றாள்.

எங்கள் வக்கீலிடம் மீடியேட்டர் மேல் புகார் கொடுக்கலாமா என்று கேட்டால், "நாளைக்கும் அந்த கோர்ட்டுலதான் நான் நிக்கணும்" என்கிறார். அவர் நிலைமையும் புரிகிறது. அண்ணனோடு நிரந்தரமாக முறித்துக்கொள்ளவும் அக்காவுக்கு மனசில்லை. சமரசமே வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அந்த ஆள் வேண்டாம் என்கிறாள். அதோடு, கோர்ட்டில் கட்டிய பணம் முழுசாகத் திரும்ப வரும் என்று வேறு ஆசை காட்டியிருக்கிறார்கள்.

வாய்தா வள்ளல்

பணம் திரும்ப வருவது உண்மை. நம் மாநில நீதிமன்றக் கட்டணச் சட்டம் பிரிவு 69-ஏ. ஆனால் 2021-இல் உச்ச நீதிமன்றம், நீங்களாக வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் அந்தச் சலுகை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதி செய்துவிட்டது. ஆகவே அந்தப் பணத்துக்காக அந்த அறையிலேயே முடிக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணனோடு முடித்தாலும் வரும்.

புகார் என்று போக வேண்டாம். உங்கள் வக்கீல் மூலம் ஒரு மெமோ, அல்லது மையத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு கடிதம். அதில் உள்ளே யார் என்ன தொகை பேசினார்கள் என்று ஒரு எழுத்தும் வேண்டாம். 'எதிர்தரப்பு வழக்கறிஞரோடு முன்பு தொழில்முறைத் தொடர்பு இருந்தது எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. வேறு மீடியேட்டரை நியமிக்கக் கோருகிறோம். எங்கள் வழக்கறிஞர் முன்னிலையில் மட்டுமே தனி அமர்வு நடக்க வேண்டுகிறோம்.' அவ்வளவுதான். இதில் ரகசியம் எதுவும் மீறப்படவில்லை.

கையெழுத்து விஷயத்தில்தான் நான் பயமுறுத்தப் போகிறேன். உடன்படிக்கை கோர்ட்டுக்குப் போய் அதன்படி டிகிரி (தீர்ப்பாணை) ஆகிவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 96(3) படி மேல்முறையீடு கிடையாது. தனியாகப் புது வழக்கும் போட முடியாது, ஆணை 23 விதி 3-ஏ தடுக்கிறது. அதே கோர்ட்டில் போய், இது சட்டப்படியான ஒப்பந்தமே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அப்போது 'உள்ளே என்ன சொன்னார்கள்' என்பதைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாமல் திணறுவீர்கள். தராசுமுள் கேட்ட கேள்வி அங்கேதான் கடிக்கும். 2023 மீடியேஷன் சட்டத்தில் உடன்படிக்கையை எதிர்க்க எழுதியிருக்கும் காரணங்களையும் பாருங்கள்: மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கு உகந்ததல்லாத விவகாரம். மிரட்டி வாங்கினார்கள், தப்பான சட்டம் சொல்லி வாங்கினார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சட்டத்தில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். 2021-இல் வந்த மசோதா எல்லாரும் வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு வந்தாக வேண்டும் என்றது. நாடாளுமன்ற நிலைக்குழு வேண்டாம் என்று யோசனை சொல்லி அதை விருப்பமாக்கினார்கள். அந்த அளவுக்கு யோசித்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள்.

தராசுமுள்

அப்ப கேமரா வேண்டாம், ஒத்துக்கறேன், மல்லிகா அக்காவுக்காக. ஆனா மையத்து வாசலில் ஒரு பலகை வைக்கட்டும்: மீடியேட்டர் பட்டியல், எந்த வழக்கு யார்கிட்ட, ஆட்சேபணை இருந்தா யார்கிட்ட சொல்லணும், தமிழில். போட முடியாதா?

ஏழாம் நம்பர் அறை

போடலாம். எங்கள் மையத்தில் 'அமைதி காக்கவும்' பலகை மட்டும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் உறுதி கொடுக்கமாட்டேன். நாலாவதாக ஒன்று சேருங்கள்: உடன்படிக்கை வரைவைக் கட்சிக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு அடுத்த அமர்வில் கையெழுத்துப் போடலாம். அன்றைக்கே போட வைப்பதில்தான் பாதி வம்பு.

குடமுருட்டிக்கரை, வேறு மீடியேட்டர் வந்து நல்லபடியாகப் பேசி முடிந்தாலும் வரைவைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். அக்காவுக்குப் புரியாத மொழியில் கையெழுத்து வாங்குவது எங்களுக்கே கேவலம். வாங்கினதும் இதையெல்லாம் பாருங்கள்: சர்வே எண்ணும் உட்பிரிவும் சரியா, 'ஏறத்தாழ' என்ற வார்த்தை எங்காவது நுழைந்திருக்கிறதா, மோட்டார் இணைப்பு யார் பெயரில், கிணற்றில் அக்காவுக்குத் தண்ணீர் முறை உண்டா, அவள் பங்குக்கு வண்டி போக வழி எந்த வரப்போடு, பணமாகக் கொடுத்தால் எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன வட்டி. நல்ல நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வழியைக் கொடுக்காமல் விட்ட உடன்படிக்கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த வழக்கு அங்கிருந்துதான் வரும்.

குடமுருட்டிக்கரை

மோட்டார் இணைப்பு அப்பா பெயரிலேயே இருக்கிறது சார். வழி பற்றி யாருமே பேசவில்லை. மெமோ இன்றைக்கு எழுதுகிறோம், வரைவு வந்ததும் பெயர் அடித்துவிட்டு இங்கே போடுகிறேன்.

வாய்தா வள்ளல்

போடாதீங்க! பெயரை அடிச்சாலும் அது ரகசியத்துக்குள்ளதான் வரும். தனிமடலில்கூட எங்களுக்கு வேண்டாம், உங்க வக்கீல்கிட்ட காட்டுங்க. அவர் பார்க்க நேரமில்லைன்னா வக்காலத்தை மாத்துங்க.